பனிக்காட்டில் பறவை பார்க்க: அல்கோன்குவின் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஒன்ராறியோவின் அல்கோன்குவின் மாகாணப் பூங்காவில் ஜனவரி மாதம் அரை நாள் நடந்தாலும் பத்துப் பதினைந்து வகைப் பறவைக்கு மேல் தேறுவது கடினம். வசந்தத்தில் அதே பாதையில் காது நிறையக் கேட்கும் குரல்களில் பெரும்பாலானவை அப்போது தெற்கே போயிருக்கும். இருந்தும் டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை பறவை ஆர்வலர்கள் ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டி இங்கே வருகிறார்கள். அந்தப் பத்துப் பதினைந்தில் பல, ரொறொன்ரோ பக்கம் பார்க்கவே கிடைக்காதவை. கனடா ஜே, ஸ்ப்ரூஸ் கிரௌஸ், போரியல் சிக்கடி, கருமுதுகு மரங்கொத்தி ஆகிய நான்கும் எந்தக் குளிருக்கும் இடம் பெயராமல் இந்தக் காட்டிலேயே கிடப்பவை.

புதிதாக வருகிறவர்கள் கிளை கிளையாகப் பறவையைத் தேடிக்கொண்டு போவார்கள். குளிர்காலத்தில் அது வீண் அலைச்சல். பூச்சிகள் பறப்பதில்லை, தரை பனிக்கடியில், ஏரிகள் உறைந்து கிடக்கின்றன. சாப்பிட எது மிச்சமிருக்கிறதோ அதைச் சுற்றித்தான் பறவைகள் இருக்கும். ஆகவே முதலில் மரத்தைப் பாருங்கள். எந்த மரத்தில் என்ன உணவு என்று தெரிந்துவிட்டால், எங்கே நிற்பது என்பது தானாகத் தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

போகும் முன்பு

1893-இல் நிறுவப்பட்ட இந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். குளிர்காலத்தில் நமக்கு வேண்டியது பூங்காவின் தெற்குப் பகுதியை ஊடறுத்துப் போகும் 60-ஆம் நெடுஞ்சாலை மட்டும்தான். மேற்கு வாசலில் பூஜ்யத்தில் தொடங்கி, கிழக்கு வாசல் வரை சுமார் 56 கிலோமீட்டர். ஒவ்வொரு இடத்தையும் அந்தச் சாலையின் கிலோமீட்டர் எண்ணை வைத்தே சொல்வது இங்கே வழக்கம். கீழே நானும் அப்படியே சொல்கிறேன்.

நிற்காமல் சாலையைக் கடந்து போவதற்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் எங்காவது காரை நிறுத்தி நடக்கப்போகிறீர்கள் என்றால் அந்த நாளுக்கான வாகன அனுமதி கட்டாயம். ஒன்ராறியோ பார்க்ஸ் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விசிட்டர் சென்டர் அன்று திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வார நாட்களிலும் வார இறுதியிலும் நேரம் வேறுபடும்.

இலையுதிர்காலத்தில் வட அமெரிக்கப் பறவை ஆர்வலர்கள் எல்லாரும் காத்திருக்கும் ஒன்று உண்டு. ஃபிஞ்ச் ஆராய்ச்சி வலையமைப்பு வெளியிடும் குளிர்கால ஃபிஞ்ச் முன்னறிவிப்பு. ஃபிஞ்ச் என்பது விதை தின்னும் சிறு பறவைக் குடும்பம். 1999-இல் ரான் பிட்டவே தொடங்கி வைத்த வேலை இது. எந்த வட்டாரத்தில் ஸ்ப்ரூஸ் காய்த்திருக்கிறது, எங்கே பிர்ச் விதை பிடித்திருக்கிறது, எங்கே பொய்த்திருக்கிறது என்று வடகாடு முழுக்க விசாரித்து, அதை வைத்து எந்த ஃபிஞ்ச் எங்கே போகும் என்று கணிக்கிறார்கள். ஊசியிலை மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஒரு வட்டாரம் முழுவதும் சேர்ந்தாற்போல் குலுங்கக் காய்க்கும், மறு ஆண்டு சேர்ந்தாற்போல் ஓய்ந்துவிடும். பறவைகளும் காய்ப்பைத் துரத்திக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலையும். அதனால்தான் போன குளிர்காலத்தில் கூட்டமாகப் பார்த்த ரெட்போல் என்ற ஃபிஞ்ச் இந்த முறை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். முன்னறிவிப்பைப் படித்துவிட்டுப் போனால் எதை எதிர்பார்ப்பது, எதை மறந்துவிடுவது என்று தெரியும். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் கடந்த ஒரு வாரப் பதிவுகளையும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கார் விஷயம் சுருக்கமாக. விண்டர் டயர் இல்லாமல் கிளம்பாதீர்கள். மேற்கிலிருந்து வந்தால் ஹண்ட்ஸ்வில்லில், கிழக்கிலிருந்து வந்தால் விட்னியில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எந்தப் பாதையில் நடக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு போர்வை, பனி தள்ளும் மண்வெட்டி, டார்ச் மூன்றும் டிக்கியில் இருக்கட்டும்.

உடுப்பும் பைனாகுலரும்

நடக்கிறவர்களுக்கான உடுப்பு வேறு, நிற்கிறவர்களுக்கான உடுப்பு வேறு. பறவை பார்ப்பவர் நிற்கிறவர். பனியில் நடக்கும்போது போதுமாகத் தோன்றும் ஜாக்கெட், ஒரே மரத்தடியில் இருபது நிமிடம் நின்றதும் போதாது. ஜனவரிக் காலையில் −20 டிகிரி இங்கே சாதாரணம், அதற்கும் கீழே போகும் நாட்களும் உண்டு. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தி மட்டும் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு நின்றதும் நடுக்கும்.

காலுக்குத்தான் அதிகம் செலவு செய்ய வேண்டும் என்பது என் திடமான கருத்து. உள்ளே கழற்றக்கூடிய தடித்த உறை உள்ள ஸ்னோ பூட்ஸ், ஒரு அளவு பெரியதாக. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை மாட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் விறைக்கும். கைக்கு மெல்லிய விரல் கையுறை, அதன் மேல் விரல் பிரியாத தடித்த கையுறை. மெல்லியதோடு பைனாகுலரின் வளையத்தைத் திருப்பலாம், உடனே மேலே உள்ளதற்குள் கையை நுழைத்துவிடலாம். பாதைகளில் ஆட்கள் மிதித்து மிதித்துப் பனி கண்ணாடியாக இறுகியிருக்கும், பூட்ஸில் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்லென்ஸ் 42 மி.மீ.) புதியவர்களுக்குப் போதும். அதைக் கண்ணுக்குக் கொண்டு போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகுங்கள். கண்ணாடியில் மூச்சுப் பட்டால் அந்தக் கணமே உறைந்துவிடும், துடைத்து முடிப்பதற்குள் பறவை போய்விடும். கேமரா பேட்டரியை உள் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியே இருந்துவிட்டுச் சூடான அறைக்குள் நுழையும் முன்பு கேமராவையும் பைனாகுலரையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸுக்குள் போகாது.

மரத்தைப் படிப்பது எப்படி

ஐந்து ஊசியிலை மரங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். பார்க்கிங்கிலேயே பத்து நிமிடத்தில் முடியும்.

ஒரு ஊசியை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். உருண்டால் ஸ்ப்ரூஸ், அதன் ஊசிக்கு நான்கு பக்கம். தட்டையாக இருந்து உருள மறுத்தால் பால்சம் ஃபிர் அல்லது ஹெம்லாக். ஹெம்லாக்கின் ஊசி சிறியது, அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள், காய்கள் சுண்டுவிரல் நுனி அளவு. ஐந்தைந்து ஊசிகள் ஒரு கொத்தாக, நீளமாக, மென்மையாக இருந்தால் வெள்ளைப் பைன். ஒரு ஊசியும் இல்லாமல் பட்டுப்போன மாதிரி சதுப்பில் நிற்பது பெரும்பாலும் டமரக். பட்டுப்போகவில்லை, ஆண்டுதோறும் ஊசியை உதிர்க்கும் ஊசியிலை மரம் அது. இவற்றோடு, வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச்சையும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் விதையைத் தேடித்தான் ரெட்போல், பைன் சிஸ்கின் ஆகிய ஃபிஞ்ச்கள் வரும்.

இப்போது ஸ்ப்ரூஸின் உச்சியைப் பாருங்கள். காய்கள் பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் நல்ல ஆண்டு. அந்த மரத்தடிப் பனியையும் பாருங்கள். மெல்லிய காய்ச் செதில்களும் இறகு வைத்த விதைகளும் புதிதாகச் சிதறிக் கிடந்தால் மேலே யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். சிவப்பணிலாகவும் இருக்கலாம். அணில் என்றால் ஒரே இடத்தில் செதில்கள் குவியலாகக் கிடக்கும், காயின் நடுத்தண்டும் மொட்டையாகக் கிடக்கும். பரவலாகச் சிதறியிருந்தால் கிராஸ்பில் என்ற ஃபிஞ்சை எதிர்பார்க்கலாம்.

கிராஸ்பில் சாப்பிடுவதை ஒரு முறையாவது நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். அதன் அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் நுனியில் ஒன்றையொன்று தாண்டி, எதிரெதிர்ப் பக்கம் வளைந்திருக்கும். அலகைச் செதிலின் இடுக்கில் நுழைக்கும், கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும், செதில் விரியும், நாக்கை நீட்டி விதையை எடுக்கும். அடுத்த செதில். கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சில நேரம் காலோடு அலகையும் ஊன்றி நகர்ந்துகொண்டு. வெண்பட்டைக் கிராஸ்பில் ஒரு நாளைக்கு 3,000 விதை வரை தின்னக்கூடியது. அதற்கு இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருக்கும், அது ஸ்ப்ரூஸ், டமரக், ஹெம்லாக் காய்களை நாடும். பட்டையில்லாத செங்கிராஸ்பில்லுக்குப் பைன் பிடிக்கும். இரண்டிலும் ஆண் சிவப்பு, பெண் மஞ்சள் கலந்த பச்சை. காய்ப்பு நன்றாக இருந்தால் நடுக்குளிரிலேயே கூடு கட்டிவிடும். உச்சாணிக் கிளையில் ஆண் பாடிக்கொண்டிருப்பதை பிப்ரவரியில் கேட்டால் அதுதான் சங்கதி.

முதல் நிறுத்தம்: ஸ்ப்ரூஸ் பாக் போர்ட்வாக், 42.5-ஆம் கிலோமீட்டர்

டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன்புதான் எழும், மாலை நாலரைக்கெல்லாம் விழுந்துவிடும். மேற்கு வாசலிலிருந்து வந்தாலும் வழியில் எங்கும் நிற்காமல், விடிந்ததும் இந்தப் பாதையின் பார்க்கிங்கில் இருப்பது மாதிரி நேரத்தைக் கணக்கிடுங்கள். பாதை 1.5 கிலோமீட்டர்தான், ஒரு பகுதி சதுப்பின் மேல் போட்ட மரப்பலகை நடை. அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

காரிலிருந்து இறங்கியதும் உங்களைத் தேடி வரக்கூடியது கனடா ஜே. சாம்பல் உடல், வெள்ளை முகம், பின்தலையில் கருமை, பெரிய கண். ஓசையில்லாமல் சறுக்கி வந்து கைக்கெட்டும் கிளையில் உட்காரும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்றாக வரும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் கிடைத்த பூச்சி, பழம், இறைச்சித் துணுக்கு எல்லாவற்றையும் ஒட்டும் எச்சிலில் உருட்டி, ஆயிரக்கணக்கான இடங்களில் மரப்பட்டை இடுக்கிலும் தொங்கும் பாசிக்குள்ளும் செருகி வைத்திருக்கும். குளிர்காலம் முழுக்க அந்தச் சேமிப்புதான் சாப்பாடு. பிப்ரவரி கடைசியில், காடு முழுக்கப் பனியாக இருக்கும்போதே கூடு கட்டத் தொடங்கும். −30 டிகிரியிலும் அடைகாக்கும்.

அதன் கால்களைக் கவனியுங்கள். வண்ண வளையங்கள் தெரியலாம். 1960-களில் இருந்து இந்த நெடுஞ்சாலையோரக் கனடா ஜேக்களைத் தலைமுறை தலைமுறையாக வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வு சொல்லும் செய்தி மனதைப் பிசைகிறது. 1970-களோடு ஒப்பிட்டால் இங்கே அவற்றின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. இலையுதிர்காலம் வெப்பமாகி, உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி வந்தால் சேமித்த உணவு கெட்டுப்போகிறது. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் அதற்கு ஊட்ட ஒன்றுமிருக்காது. ஸ்ப்ரூஸ் நிறைந்த இடங்களில் வாழும் ஜோடிகள் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. இந்தப் பாதை அப்படிப்பட்ட ஒரு இடம்.

பாதைக்குள் நுழைந்து முதல் பலகை நடைக்கு முன்னால் உள்ள அடர்ந்த கருப்பு ஸ்ப்ரூஸ்களில் ஸ்ப்ரூஸ் கிரௌஸைத் தேடுங்கள். இது ஒரு காட்டுக்கோழி. ஆளைக் கண்டால் ஓடாது, பறக்காது, அசையாமல் உட்கார்ந்தபடி ஊசியிலையைக் கொத்திக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்க அந்த ஊசிகள்தான் தீனி, அதைச் செரிப்பதற்காக அதன் இரைப்பையும் குடலும் இந்தப் பருவத்தில் பெரிதாகிவிடும். அசையாத பறவையை இலைக்குள் தேடுவதை விடக் கீழே தேடுவது சுலபம். மரத்தடிப் பனியில் நார் நாரான, விரற்கடை நீள எச்சங்கள் கொட்டிக் கிடந்தால் அங்கேயே நின்று, மரத்தின் கீழ்க்கிளையிலிருந்து தண்டை ஒட்டி அங்குலம் அங்குலமாக மேலே போங்கள். ஆணுக்குக் கரிய மார்பு, கண்ணுக்கு மேலே சிவப்புத் தசைக் கொண்டை. தலையில் சிறு முடிக்கொண்டையும் வால் விளிம்பில் கருப்புப் பட்டையும் தெரிந்தால் அது ரஃப்டு கிரௌஸ். அது பனிக்குள் பாய்ந்து குடைந்து இரவைக் கழிக்கும், சில சமயம் உங்கள் காலடியிலிருந்தே பனியைச் சிதறடித்துக்கொண்டு கிளம்பும்.

சதுப்பின் விளிம்பில் பேசாமல் நில்லுங்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம். இங்கே பறவைகள் கலந்த சிறு கூட்டமாகச் சுற்றும். முதலில் கேட்பது கருந்தொப்பிச் சிக்கடியின் குரல். அது இரவில் உடம்புச் சூட்டைச் சுமார் 10 டிகிரி குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்துவிட்டு, விடிந்ததும் பசியோடு கிளம்பியிருக்கும். அந்தக் கூட்டத்தில் மூக்கடைத்த மாதிரி, இழுத்து, கரகரப்பாக ஒரு குரல் வந்தால் உடனே பைனாகுலரைத் தூக்குங்கள். பழுப்புத் தொப்பி, துருநிற விலா. அதுதான் போரியல் சிக்கடி. அதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும், கண்ணால் தேடினால் நாள் முழுக்கப் போதாது. அதே கூட்டத்தில் ஊசி முனை போன்ற மெல்லிய கீச்சு கேட்டால் பொன்முடிக் கிங்லெட். எடை ஆறு கிராம் சுற்றி, இரவில் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டு உயிர் பிழைக்கிறது.

ஒபியோங்கோ சாலை, 46.3-ஆம் கிலோமீட்டர்

குளிர்காலத்தில் இந்தச் சாலையில் ஒரு தூரம் வரைதான் பனி வாரியிருப்பார்கள், அதற்கு மேல் கதவு பூட்டியிருக்கும். காரை வழி மறிக்காமல் ஓரங்கட்டி, கதவுக்கு அப்பால் நடந்து போங்கள். இருபக்கமும் ஸ்ப்ரூஸும் டமரக்கும் சதுப்பும். கருமுதுகு மரங்கொத்திக்கு நல்ல இடம்.

இதையும் பறவையைப் பார்த்துத் தேடாதீர்கள், மரத்தண்டைப் பாருங்கள். பட்டுப்போன, சாகிற நிலையிலுள்ள ஸ்ப்ரூஸில் பட்டையைச் செதில் செதிலாக உரித்து, செம்பழுப்பான புது நிறம் தெரியும்படி விட்டிருந்தால் இந்தப் பறவை பக்கத்தில்தான் இருக்கிறது. பட்டைக்கடியில் உள்ள வண்டுப் புழுக்களுக்காக உரிக்கிறது. கீழே பனியில் பட்டைத் துணுக்குகள் பழுப்பாகக் கொட்டியிருக்கும். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஓங்கி அடிக்காது, நின்று நின்று மெல்லத் தட்டும். முதுகு முழுக்கக் கருமை, ஆணுக்கு நெற்றியில் மஞ்சள், காலில் மூன்றே விரல்கள். இது காணக்கிடைக்காமல் போவதுதான் அதிகம். உரித்த மரத்தை மட்டும் கண்டுபிடித்தாலும் அடுத்த முறை வருவதற்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

விசிட்டர் சென்டர், 43-ஆம் கிலோமீட்டர்

கை கால் விறைத்ததும் இங்கே வந்துவிடுங்கள். கழிவறை, கதகதப்பு, சன்டே கிரீக் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேல்தளம், அதன் கீழே தீவனத் தட்டுகள். குழந்தைகளோடு வருகிறவர்கள் இங்கேயே தொடங்கினாலும் தவறில்லை. ஈவினிங் குரோஸ்பீக் வரும் ஆண்டுகளில் அதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் தெரியாது. மஞ்சளும் கருப்பும் வெள்ளையும், தடித்த வெளிர் அலகும். கடந்த சில பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்துபோன பறவை, கனடாவில் தனிக் கவனம் தேவைப்படும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கூட ரெட்போல், பைன் சிஸ்கின், பைன் குரோஸ்பீக், நீல ஜே. ரெட்போலில் வெளுத்ததைத் தனி இனமாகப் பிரிக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், 2024-இல் எல்லாவற்றையும் ஒரே இனமாக்கிவிட்டார்கள். தட்டுகளின் அடியில் மரநாய் போன்ற அமெரிக்க மார்ட்டன் வந்தாலும் வரும். பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது வானத்தில் அண்டங்காக்கைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று பொருள். அங்கே கழுகும், அதிர்ஷ்டமிருந்தால் ஓநாயும்.

நேரம் மீதமிருந்தால் 30.6-ஆம் கிலோமீட்டரில் உள்ள மியூ லேக் முகாம் பகுதிக்குப் போகலாம், அது குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மிஸி லேக் பாதையை, 15.4-ஆம் கிலோமீட்டரில் உள்ளதை, முதல் பயணத்தில் தொடாதீர்கள். அருமையான இடம்தான், ஆனால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழ்ந்த பனியில் கால் புதையாமல் நடக்க மாட்டும் ஸ்னோஷூ தேவைப்படும்.

பறவைக்குத் தொல்லை இல்லாமல்

கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். −20 டிகிரியில் ஒவ்வொரு கலோரியும் அதன் இரவைத் தீர்மானிக்கிறது, இல்லாத எதிரியைத் தேடி அது பறக்க வேண்டியதில்லை. கிரௌஸ் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக அதன் மூன்றடிக்குள் போய்ப் படமெடுப்பதும் வேண்டாம். ஜேக்கு ரொட்டி, சிப்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காரோட்டுவது. காலை நேரத்தில் கிராஸ்பில், குரோஸ்பீக், சிஸ்கின் எல்லாம் உப்புக்காகவும் பொடிக் கல்லுக்காகவும் நெடுஞ்சாலையில் கூட்டமாக இறங்கும். காரைக் கண்டதும் விலகாது, மிகத் தாமதமாகத்தான் கிளம்பும். ஆண்டுதோறும் நிறையப் பறவைகள் சக்கரத்தில் சாகின்றன. தூரத்தில் சாலையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் பின்னால் வரும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள், ஒரு முறை ஹார்ன் அடித்துப் பறக்க விட்டுப் போங்கள். படமெடுக்க வேண்டுமென்று சாலை ஓரப் பனி மேட்டில் காரைச் செருகாதீர்கள், அடுத்த பார்க்கிங் வரை போய் நடந்து வாருங்கள். மாலையில் மூஸ் மான் சாலையைக் கடக்கும், அதற்கும் அதே நிதானம் வேண்டும்.

அன்று பார்த்ததை ஈபேர்டில் பதியுங்கள். நடந்த தூரம், நேரம், எண்ணிக்கை மூன்றையும் சரியாகப் போட்டு, எந்த மரத்தில் என்ன தின்றது என்பதைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். ஆந்தையைப் பார்த்திருந்தால் அதன் துல்லியமான இடத்தை வெளியே சொல்ல வேண்டாம், மறுநாளே அந்த மரத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். கனடா ஜேயின் காலில் வளையம் தெரிகிற படம் இருந்தால் இடது கால், வலது கால் என்று பிரித்து, மேலிருந்து கீழாக வளையங்களின் நிறத்தைப் படத்தோடு எழுதுங்கள்.